மலைச்சரிவுத் திராட்சை: மகசூலா, மண்ணின் பெயரா?

ஓர் ஏக்கர் திராட்சைத் தோட்டத்தில் எத்தனை டன் பழம் எடுக்கலாம் என்பதே நம் விவசாயிகள் முதலில் கேட்கும் கேள்வி. அதில் தவறில்லை. எடைக்குத்தான் நமக்கு விலை கிடைக்கிறது. ஆனால், ஏக்கருக்கு 2 டன் பழம்கூட எடுக்கக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்டு, அந்த விதியின் பலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விலை பெறும் திராட்சை விவசாயிகளும் இருக்கிறார்கள். பிரான்சு நாட்டின் கிழக்கே, பர்கண்டிப் பகுதியில், கோட் தோர் என்னும் குளிர்ந்த மலைச்சரிவில் சிவப்பு ஒயினுக்காகத் திராட்சை பயிரிடுவோர் அவர்கள்.

மது அருந்துவதற்கு ஆதரவு தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த விவசாயிகள் ஒரு பயிரையும் ஒரு மண்ணையும் எப்படிக் காத்தார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டிய செய்தி. நம் மலைப் பயிர்கள் சிலவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ள இந்தக் காலத்தில், அந்த அனுபவம் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது.

நிலமும் சரிவும்

கோட் தோர் என்பது டிஜான் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் நீளும் ஒரு மலைத்தொடரின் கிழக்குச் சரிவு. பல இடங்களில் இதன் அகலம் 2 கிலோ மீட்டர்கூட இல்லை. மலை என்றதும் கொடைக்கானலையோ நீலகிரியையோ எண்ண வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 220 முதல் 400 மீட்டர் உயரத்திலேயே தோட்டங்கள் உள்ளன. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து 47 பாகை வடக்கே இருப்பதால் அங்கே குளிர் அதிகம். ஜூலை மாதச் சராசரி வெப்பம் 20, 21 செல்சியஸ் டிகிரி. ஜனவரியில் 2, 3 டிகிரிதான். ஆண்டு மழை 700 முதல் 800 மில்லி மீட்டர். நம் மாநிலத்தின் சராசரியை விட இது குறைவு என்றாலும், எல்லா மாதங்களிலும் பரவலாகப் பெய்கிறது. பாசனம் கிடையாது. முழுக்க மானாவாரிச் சாகுபடி.

இந்தச் சரிவை மூன்று படிகளாகப் பார்க்கலாம். மேல் படியில் மண்ணின் ஆழம் குறைவு, காற்றும் குளிரும் அதிகம். அதற்கும் மேலே காடு. கீழ்ப் படியில் ஆழமான களிமண்ணும் வண்டலும் உண்டு. நீர் தேங்கும். இரவில் குளிர்ந்த காற்று சரிந்து வந்து அங்கேதான் தங்கும். நடுப் படியில் சுண்ணாம்புக் கல்லும் களியும் கலந்த மண். வடிகால் நன்று. கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெயில் முதலில் படும். மண் சீக்கிரம் சூடேறும்.

நம் ஊரில் நல்ல நிலம் என்றால் ஆழமான வண்டல் நிலத்தைத்தான் காட்டுவோம். அங்கே அந்த நிலத்துக்குக் கடைசித் தரம். கல்லும் சரளையுமாக உள்ள நடுச் சரிவுக்கே முதல் தரம். காரணம் எளிது. வளமான மண்ணில் கொடி இலையும் தழையுமாக வளரும், காய் பெருக்கும், ஆனால் குளிர் நாட்டின் குறுகிய கோடையில் அத்தனை பழமும் பழுக்காது. நடுச் சரிவில் கொடி அடக்கமாக வளர்ந்து, உள்ள பழத்தை முழுமையாகப் பழுக்க வைக்கும். மழையில் மண் கீழே அரித்துச் சென்றால், அடிவாரத்திலிருந்து அதை அள்ளி மேலே சுமந்து கொட்டும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்திருக்கிறது. தம் மண்ணின் மதிப்பை அவர்கள் எந்த அளவுக்கு உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கொடியும் கவாத்தும்

இங்கே சிவப்பு ஒயினுக்குப் பயிராகும் முதன்மை இரகம் பினோ நுவார். குலை சிறியது, காய்கள் நெருக்கமானவை, தோல் மெல்லியது. மழை பிடித்தால் குலைக்குள் அழுகல் நோய் விரைவில் பரவும். வசந்தத்தில் முன்னதாகத் துளிர்ப்பதால் உறைபனிக்கும் எளிதில் இரையாகும். இத்தனை குறை இருந்தும் இதை அவர்கள் விடவில்லை. குளிர்ந்த சரிவில் குறித்த காலத்துக்குள் பழுத்து, மண்ணின் தன்மையைச் சுவையில் காட்டும் இரகம் இதுவே என்பது அவர்களின் நீண்ட அனுபவம்.

மீட்டருக்கு ஒரு கொடி, வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் என நடுவதால் எக்டருக்கு ஏறத்தாழ 10,000 கொடிகள், அதாவது ஏக்கருக்கு 4,000. நம் பன்னீர் திராட்சைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 670 கொடிகள் வரை வரும். நாம் பந்தலில் கொடியைப் படர விடுகிறோம். அவர்கள் முழங்கால் உயரத்திலேயே கம்பி கட்டி, அதில் கொடியை வளைத்துக் கட்டுகிறார்கள். பகலில் சூடேறிய தரையின் வெப்பம் மாலையில் குலைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

குளிர்காலத்தில் கொடி உறங்கும்போது கவாத்து நடக்கிறது. ஒரு கொடிக்கு ஒரே ஒரு பழக்குச்சியை 5 முதல் 8 மொட்டுகளுடன் விடுவார்கள். அடுத்த ஆண்டுக்காக 2 மொட்டுகளுடன் ஒரு குட்டைக் குச்சியை விடுவார்கள். மற்றவை எல்லாம் வெட்டப்படும். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துக் காலத்தை மாற்றி மாற்றி அமைத்து ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறோம். அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே மகசூல்தான். அது தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது மகசூல் விதிக்கு வருவோம். மிக உயர்ந்த தரமான கிராண்ட் க்ரூ நிலங்களில் சிவப்பு ஒயினுக்கு அடிப்படை வரம்பு எக்டருக்கு 3,500 முதல் 3,700 லிட்டர். ஏக்கர் கணக்கில் 1,400 முதல் 1,500 லிட்டர். இதற்குத் தேவைப்படும் பழம் 2 டன்னுக்கும் குறைவு. ஊர்ப் பெயரில் விற்கும் ஒயினுக்கு வரம்பு சற்று அதிகம். பகுதியின் பொதுப் பெயரில் விற்பதற்கு இன்னும் அதிகம். ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தம் அறுவடையை எழுத்தில் அறிவிக்க வேண்டும். வரம்பை மீறிய அளவை அந்தப் பெயரில் விற்க முடியாது.

உறைபனி, ஆலங்கட்டி, நோய்

ஏப்ரல் மாதம் அவர்களுக்குத் தூக்கமில்லாத மாதம். துளிர்த்த மொட்டின் மேல் ஓரிரவு உறைபனி விழுந்தால் ஓராண்டு உழைப்பு கருகிவிடும். 2016 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் இப்படித்தான் பெரும் சேதம் ஏற்பட்டது. வரிசைகளுக்கிடையே பெரிய மெழுகு வாளிகளை நூற்றுக்கணக்கில் ஏற்றி வைத்து இரவெல்லாம் காவல் இருப்பார்கள். 2017 ஏப்ரலில் பல ஊர் விவசாயிகள் ஒன்றுகூடி, ஈர வைக்கோலை எரித்து, சரிவு முழுவதும் புகை மூட்டம் போட்டார்கள். உறைந்த துளிரின் மேல் காலை வெயில் சட்டென்று பட்டால் துளிர் கருகும். புகை அதைத் தடுத்தது. ஒருவர் மட்டும் புகை போட்டுப் பயனில்லை. பக்கத்துத் தோட்டமும் சேர்ந்தால்தான் பலன். இதை நம் விவசாயிகள் மனத்தில் வைக்க வேண்டும்.

2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆலங்கட்டி மழை வோல்னே, பொம்மார் போன்ற ஊர்களின் தோட்டங்களைத் தாக்கியது. 2024-இல் விடாத மழையால் அடிச்சாம்பல் நோய் பெருகி, மகசூல் மிகவும் குறைந்தது. இந்த நோய்க்கு அவர்கள் இன்றும் தெளிக்கும் போர்டோ கலவை நமக்கும் பழக்கமானதே. மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த இந்தக் கலவை 1880களில் அதே பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. ஆனால் தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால், ஏழு ஆண்டுகளில் எக்டருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் போகக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகளில் வரம்பு வைத்துள்ளார்கள்.

காலநிலை மாறி வருவதற்கும் இந்தச் சரிவே சாட்சி. போன் என்னும் சிறு நகரில் 1354-ஆம் ஆண்டு முதல் அறுவடைத் தேதிகள் கிடைக்கின்றன. 1988-க்குப் பின் அறுவடை முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியை விட ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக வருகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். செப்டம்பர் கடைசியில் தொடங்கிய அறுவடை 2003-இலும் 2020-இலும் ஆகஸ்டிலேயே தொடங்கியது. துளிர்ப்பும் முந்துவதால் உறைபனியின் ஆபத்து குறையவில்லை. வெப்பம் கூடினால் குளிர்ப் பகுதி விவசாயிக்கு நன்மை என்று எண்ணுவது அரைக் கணக்கே.

பழத்திலிருந்து ஒயின் வரை

பூத்த நாளிலிருந்து ஏறத்தாழ 100 நாளில் பழம் அறுவடைக்கு வரும். சர்க்கரையும் புளிப்பும் சரியான அளவில் சேரும் நாளைப் பார்த்துக் கையால் பறிக்கிறார்கள். பழம் நசுங்காமல் இருக்கச் சிறு கூடைகளில் கொண்டு வந்து, மேசையில் கொட்டி, அழுகிய காய்களை நீக்குகிறார்கள். பின்னர் காம்பு நீக்கித் தொட்டியில் இடுகிறார்கள். சிலர் ஒரு பகுதியைக் காம்போடும் இடுவதுண்டு.

கறுப்புத் திராட்சையானாலும் சாறு நிறமற்றது. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் உள்ளன. ஆகவே தோலும் சாறும் சேர்ந்தே நொதிக்க வேண்டும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். மேலே மிதந்து வரும் தோலை நாள்தோறும் ஓரிரு முறை கீழே அமுக்கிவிட வேண்டும். வெப்பம் 30 டிகிரியைச் சற்றுத் தாண்டலாம், கட்டுமீறினால் ஈஸ்ட் இறந்துவிடும். தொட்டி அறையில் வாயு தேங்கி உயிருக்கே ஆபத்து வரும் என்பதால் காற்றோட்டம் மிக அவசியம். இரண்டு மூன்று வாரங்களில் சாற்றை வடித்து, சக்கையைப் பிழிந்து, 228 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்புகிறார்கள். அங்கே பாலைத் தயிராக்கும் வகையைச் சேர்ந்த பாக்டீரியா, கடும் புளிப்பான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். 12 முதல் 18 மாதம் கழித்துப் புட்டியில் அடைக்கிறார்கள்.

ஒரு லிட்டர் சாற்றில் உள்ள 17 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு விழுக்காடு சாராயம் தரும். குளிர்ந்த ஆண்டுகளில் பழத்தில் சர்க்கரை போதாது. நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்க்கும் முறையை, நெப்போலியன் காலத்து அமைச்சரும் வேதியியல் அறிஞருமான ஷாப்தால் 1801-இல் வெளியான நூலில் விளக்கிப் பரப்பினார். இன்றும் இது வரம்புக்குட்பட்டு அனுமதிக்கப்படுகிறது. ஆனால் சர்க்கரை சாராய அளவைத்தான் கூட்டும். கொடியில் பழுக்காத பழத்துக்குச் சுவையைத் தொட்டியில் ஏற்ற எந்தச் சர்க்கரையாலும் முடியாது. தரம் தோட்டத்தில் பிறக்கிறது. ஒயின் செய்பவரின் வேலை அதைக் கெடுக்காமல் காப்பதே.

விதி பிறந்த கதை

மகசூலா, தரமா என்ற வழக்கு அங்கே பழையது. 1395-இல் பர்கண்டிப் பிரபு பிலிப், அதிகம் காய்க்கும் காமே என்ற இரகத்தைப் பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். மகசூலைப் பெருக்குவதற்காகத் தோட்டத்தில் எரு இடுவதையும் அதே ஆணையில் தடுத்தார். உழவர் வயிற்றில் அடித்த ஆணை என்று அன்றைக்குப் பலருக்குத் தோன்றியிருக்கும். அதிகாரத்தால் மட்டும் வந்த கட்டுப்பாடு நிலைக்காது. காமே மீண்டும் மீண்டும் சரிவுக்குத் திரும்பி வந்தது.

விவசாயிகளே முன்வந்தபோதுதான் மாற்றம் வேர் பிடித்தது. 1861-இல் போன் நகர வேளாண்மைக் குழு நிலங்களை மூன்று தரமாகப் பிரித்து வரைபடம் வெளியிட்டது. 1878-இல் பைலாக்சரா என்னும் வேர்ப்பேன் கோட் தோருக்கு வந்து கொடிகளை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதே தீர்வு. சுவை கெட்டுவிடும் என்ற அச்சத்தால் 1887 வரை அதற்கு அனுமதியில்லை. பிறகு ஒட்டுச் செடிகளை நட்டே தோட்டங்களை மீட்டார்கள்.

அடுத்த எதிரி கலப்படம். வெளியூர் மலிவு ஒயினைக் கலந்து பர்கண்டி ஊர்ப் பெயரில் வியாபாரிகள் விற்றார்கள். 1920களிலும் 1930களிலும் வோல்னே ஊரின் மார்க்கி டாங்கர்வீல், நுயி-சான்-ஜார்ஜ் ஊரின் ஆன்றி கூஜ் முதலிய விவசாயிகள் இதை எதிர்த்து வழக்காடினார்கள். வியாபாரிகள் அவர்களிடம் கொள்முதலை நிறுத்தினார்கள். அவர்கள் பணியவில்லை. தாமே புட்டியில் அடைத்துத் தம் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். 1935-இல் வந்த சட்டம் எல்லை, இரகம், மகசூல் வரம்பு, தயாரிப்பு முறை ஆகியவற்றை ஊர்ப் பெயரோடு பிணைத்தது. இன்று பர்கண்டியின் மொத்த உற்பத்தியில் கிராண்ட் க்ரூ ஏறத்தாழ ஒரு விழுக்காடே. 2015-இல் யுனெஸ்கோ இந்தச் சரிவின் 1,247 தனித்தனி நிலத் துண்டுகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

எல்லாம் நன்மையே என்று சொல்வதற்கில்லை. சட்டம் வந்த பின்பும், 1950கள் முதல் 1970கள் வரை சாம்பல் சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டார்கள். மண்ணில் அது தேங்கி, ஒயினில் புளிப்புக் குறைந்து, தரம் சரிந்தது. அதைத் திருத்த நெடுங்காலம் பிடித்தது. இப்போது வேறொரு சிக்கல். பெயர் பெற்ற நிலத்தின் விலை ஏறி ஏறி, வாரிசு வரி கட்ட முடியாமல் குடும்பங்கள் நிலத்தைக் கைவிடும் நிலை உள்ளது. மோரே-சான்-தெனி ஊரில் குலோ தே லாம்ப்ரே தோட்டம் 2014-இலும், குலோ த தார் தோட்டம் 2017-இலும் பெரும் செல்வக் குழுமங்களின் கைக்குப் போயின. விவசாயி உயர்த்திய பெயரே விவசாயியை வெளியேற்றக் கூடாது. இதையும் நாம் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. விருப்பாச்சி, சிறுமலை மலை வாழைகளும், கொடைக்கானல் மலைப்பூண்டும், 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சையும் இந்தக் குறியீட்டைப் பெற்றுள்ளன. மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குறியீடு என்பது வேலி மட்டுமே. வேலிக்குள் என்ன விளைகிறது, எப்படி விளைகிறது என்று காக்கும் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சான்றிதழ் சுவரில்தான் தொங்கும்.

கோட் தோரின் ஏக்கர் 2 டன் கணக்கை நாம் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் மண் வேறு, வெயில் வேறு, சந்தை வேறு. பன்னீர் திராட்சை உண்ணும் பழம், அதில் ஏக்கருக்குப் பத்து டன்னும் நியாயமே. ஆனால் மூன்று செயல்கள் நம் கைக்கு எட்டியவை.

முதலாவது, தர வரம்பு. பெயரோடு விற்கும் பழத்துக்குக் குறைந்தபட்சச் சர்க்கரை அளவு என்ன, கொடிக்கு எத்தனை குலை, எந்த முதிர்ச்சியில் பறிப்பு என்று விவசாயிகள் குழுவே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். விலை ஏறிய வாரத்தில் புளிக்கும் பழத்தைப் பறித்து அனுப்பும் ஒருவரால் ஊர்ப் பெயர் முழுவதும் கெடுகிறது.

இரண்டாவது, நிலத் தரம். மலை வாழையோ மலைப்பூண்டோ எந்த உயரத்தில், எந்தச் சரிவில், எந்த மண்ணில் சிறக்கிறது என்று நிலத்துக்கு நிலம் குறித்து வைக்க வேண்டும். அனுபவமுள்ள முதியோரிடம் இந்த அறிவு இருக்கிறது. அது ஏட்டில் ஏற வேண்டும். கூடவே நோயற்ற நாற்றும் வேண்டும். பைலாக்சராவால் அவர்கள் கொடி இழந்தது போல, முடிக்கொத்து நோயால் நம் மலை வாழை பெரும் பரப்பை இழந்தது. நச்சுயிர் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று இங்கே ஒட்டுச் செடியின் இடத்தில் நிற்கிறது.

மூன்றாவது, விலை. விலைக்கு உறுதி தராமல் மகசூலைக் குறைக்கச் சொல்வது அநியாயம். கடன் வாங்கிப் பந்தல் போட்டவர் எடையைத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எனவே தரத்துக்கு ஏற்ற தனி விலையும், குழுவாக விற்கும் ஏற்பாடும் முதலில் வர வேண்டும். விளைச்சல் போட்டிகளில் எடைக்குப் பரிசு தரும் அரசு, தரத்துக்கும் ஒரு பரிசை வைத்துத் தொடங்கலாம்.

எடையைக் கூட்டுவது எப்படி என்று நம் உழவர்களுக்குத் தெரியும், அதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் எடையில் நம்மோடு போட்டியிட நூறு ஊர்கள் வரும். விருப்பாச்சி மண்ணின் பெயரோடு போட்டியிட வேறு ஊரால் முடியாது. அந்தப் பெயரைக் காக்கும் விதியை அதிகாரிகள் எழுதித் தரும் வரை காத்திராமல், மலை விவசாயிகள் ஊர்க் கூட்டத்தில் தாமே எழுத வேண்டும். இந்த அறுவடைக்கு முன்பே அந்தக் கூட்டம் கூடட்டும்.